வள்ளியூரில் கால் மணி, களியக்காவிளையில் முக்கால் மணி: ஒரே ஏசிக்கு ஏன் இந்த வித்தியாசம்?

கேட்கப்பட்ட கேள்வி இது. வள்ளியூரில் வாடகை வீட்டில் இருந்தபோது ஒரு 1 டன் ஏசி, பத்துக்குப் பன்னிரண்டு அறையைக் கால் மணி நேரத்தில் குளிர வைத்தது. ஏப்ரலில் வேலை மாற்றலாகி, களியக்காவிளை அருகே மனைவியின் பூர்வீக ஓட்டு வீட்டுக்குக் குடிவந்தாயிற்று. அதே ஏசியைக் கழற்றிக் கொண்டுவந்து அதே அளவு அறையில் மாட்டியிருக்கிறது. இப்போது முக்கால் மணி நேரம் ஓடினாலும் சரியாகக் குளிரவில்லை. வெயிலோ வள்ளியூரைவிட இங்கே குறைவு. பார்க்க வந்த மெக்கானிக், கேஸ் கம்மி, 3000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் இன்று ராத்திரி, ஏசித் தண்ணீர் வெளியே சொட்டும் டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு வாளி வையுங்கள். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் மார்த்தாண்டத்தை மையமாக வைத்து 24 வருடமாக ஏசி வேலை செய்கிறேன். தெற்கே தேங்காப்பட்டணம், குளச்சல் கடற்கரை. வடக்கே அருமனை, குலசேகரம் ரப்பர் தோட்டங்கள். மேற்கே எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை. கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டிப் பணகுடி, வள்ளியூர் வரைக்கும் போய் வேலை செய்ததுண்டு. அந்தக் கணவாயைக் கடக்கும்போது பைக்கில் போகிறவருக்கே தெரியும், காற்று வேறாகிவிடும். மலைக்கு மேற்கே ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு அந்தப் பக்கம் போகிறது. இரண்டு மணி நேரப் பயணத்தில் நீங்கள் ஒரு வானிலையை விட்டு இன்னொரு வானிலைக்குக் குடிபெயர்ந்திருக்கிறீர்கள். உங்கள் ஏசி அதைத்தான் சொல்கிறது.

நாம் எல்லோரும் டிகிரியை மட்டும் பார்க்கிறோம். அங்கே 37, இங்கே 32, அப்படியானால் இங்கே சீக்கிரம் குளிர வேண்டும் என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் ஏசிக்கு இரண்டு வேலை. ஒன்று, காற்றின் சூட்டை இறக்குவது. இரண்டு, காற்றில் ஆவியாகக் கலந்திருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே விடுவது. இரண்டாவது வேலை தெர்மாமீட்டரில் தெரியாது. நம் பக்கத்து வீடுகளில் அது சின்ன வேலை இல்லை.

மண்பானையை நினைத்துப் பாருங்கள். வள்ளியூரில் கோடையில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருந்திருக்கும். அதே பானையைக் களியக்காவிளையில் வைத்தால் அவ்வளவு குளிராது. பானையின் மேல்புறம் கசியும் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் உள்ளே குளிர்கிறது. இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மெதுவாக நடக்கிறது. நம் உடம்பு வேர்வைக்கும் இதே கதைதான், அதைத்தான் புழுக்கம் என்கிறோம். சரி, ஆவியாகும்போது தண்ணீர் எவ்வளவு சூட்டை எடுத்துக்கொண்டு போனதோ, அந்த ஆவி மறுபடி தண்ணீராகும்போது அதே அளவு சூட்டை இறக்கிவைக்கும். பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள். அறைக்குள் மாட்டிய இன்டோர் பெட்டியில் காயில் என்ற குளிர்ந்த குழாய்ச் சுருள் இருக்கிறது; அதில் காற்றின் ஈரம் பட்டு, ஐஸ் மோர் வைத்த டம்ளர் வேர்ப்பதுபோல் வேர்க்கிறது. ஒவ்வொரு சொட்டும் தன் சூட்டைக் காயில் மேல் போட்டுவிட்டுத்தான் டிரெயின் பைப்புக்குப் போகிறது. அந்தச் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதும் உங்கள் ஏசியின் பொறுப்பு.

எவ்வளவு சூடு என்பதை ஐஸ் கணக்கில் சொன்னால் நம் பக்கத்து ஆட்களுக்கு உடனே புரியும். தேங்காப்பட்டணம், குளச்சல் துறைமுகங்களில் படகுகளுக்கு ஏற்றும் 50 கிலோ ஐஸ் பாரைப் பார்த்திருப்பீர்கள். ஏசியில் 1 டன் என்பது மெஷினின் எடை அல்ல; 24 மணி நேரத்தில் ஒரு டன் ஐஸ் உருகினால் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்குமோ அந்த அளவு. இது அமெரிக்க டன், 907 கிலோ. 24ஆல் வகுத்தால் மணிக்கு 38 கிலோ ஐஸ். உங்கள் ஏசி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுவதும், அறைக்குள் 38 கிலோ ஐஸ் உருகுவதும் ஒன்று. இதுதான் உங்கள் கையிருப்பு.

இப்போது செலவைப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு, பத்தடி உயர அறையில் சுமார் 40 கிலோ காற்று இருக்கும். அந்தக் காற்று முழுவதையும் 1 டிகிரி இறக்க ஏறக்குறைய 120 கிராம் ஐஸ் போதும். ஆனால் காற்றிலிருந்து 1 லிட்டர் தண்ணீரைப் பிழிந்து எடுக்க 7 கிலோவுக்கும் சற்று அதிகமான ஐஸ் வேண்டும். இந்த இரண்டு எண்களும் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

மே மாத மாலை. வள்ளியூரில் 37 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். களியக்காவிளையில் 32 டிகிரி, 70 சதவீதம். வள்ளியூர் காற்று ஒவ்வொரு கிலோவிலும் 14 கிராம் தண்ணீரைச் சுமக்கிறது. இங்குள்ள காற்று 21 கிராம். நாம் நிம்மதியாகப் படுக்க 25 டிகிரி, 55 சதவீதம் இருந்தால் நல்லது; அப்போது காற்றில் 11 கிராம்தான் இருக்கும். அதாவது இங்கே அறைக் காற்றிலிருந்து ஏறக்குறைய 400 மில்லி தண்ணீரை எடுக்க வேண்டும், அங்கே 120 மில்லி எடுத்தால் போதும். ஐஸ் கணக்கில், வள்ளியூரில் சூட்டுக்கு ஒன்றரை கிலோ, ஈரத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல். இங்கே சூட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல், ஈரத்துக்கு 3 கிலோ. வெயில் 5 டிகிரி குறைவாக இருந்தும், மொத்த வேலை இங்கேதான் கூடுதல், அதுவும் ஒன்றரை மடங்குக்கு மேல்.

நீங்கள் உடனே கேட்பீர்கள்: இங்கே மொத்தம் 4 கிலோ ஐஸ்தானே, மணிக்கு 38 கிலோ உருக்கும் மெஷினுக்கு அது ஆறேழு நிமிட வேலைதானே, அப்புறம் எதற்கு முக்கால் மணி நேரம்? நியாயமான கேள்வி. அறையில் இருக்கும் காற்றை ஒரு தடவை பிழிந்தால் வேலை முடிந்துவிடும் என்றால் ஆறேழு நிமிடம்தான். ஆனால் வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் வீட்டு விஷயத்தில் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. பழைய வீடுகளின் கட்டுமானம் மட்டும் இன்றைக்கும் திருவிதாங்கூர் கட்டுமானம்தான். ஓட்டுக்கூரை, அதற்குக் கீழே ஆஞ்சிலி அல்லது பலா மரத்தில் மச்சு என்ற பலகை உட்கூரை, சுவர் உச்சியில் அழி போட்ட வெண்டிலேட்டர், நிலையும் கதவும் சேருமிடத்தில் விரல் நுழையும் இடைவெளி. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மரச்சட்டங்கள் வழியே காற்று வந்துகொண்டே இருக்கும். ஈரமான ஊரில் காற்று நிற்காமல் ஓடினால்தான் மனிதருக்குச் சுகம், மரத்துக்கும் பூசணம் பிடிக்காது. மிகச் சரியான கட்டுமானம் அது, எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அப்படிப்பட்ட அறையில் ஏசி போடும்போது, எதற்காக அந்த இடைவெளிகள் வைக்கப்பட்டனவோ அதுவே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

இப்படிப்பட்ட ஓட்டு வீட்டு அறையில் மணிக்கு நாலு தடவை காற்று முழுவதும் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 கிலோ வெளிக்காற்று, ஒவ்வொரு கிலோவிலும் 10 கிராம் கூடுதல் தண்ணீர். மணிக்கு 1.6 லிட்டர். சூட்டையும் சேர்த்தால் 15 கிலோ ஐஸ் இதற்கே போய்விடும். கையிருப்பு 38இல் மிச்சம் 23. அதை வைத்துத்தான் சுவர், மச்சு, கட்டில், ஆட்கள் எல்லாவற்றையும் குளிர வைக்க வேண்டும். வள்ளியூரில் கான்கிரீட் வீடு, அலுமினிய ஜன்னல். மணிக்கு ஒரு தடவைதான் காற்று மாறியிருக்கும், அதுவும் உலர்ந்த காற்று. அதற்குச் செலவு இரண்டே கால் கிலோவுக்குச் சற்று மேல். மிச்சம் 35. முப்பத்தைந்து எங்கே, இருபத்து மூன்று எங்கே.

இன்னொன்றும் உண்டு. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, அலமாரித் துணிகள், மச்சு மரம் எல்லாமே பகல் முழுவதும் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். ஏசி போட்டு அறைக் காற்று காயத் தொடங்கியதும் அவை மெதுவாக ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும். அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் காயப்போடுகிறவர்களைக் கேளுங்கள். இடவப்பாதி என்ற ஜூன் மாதப் பருவமழை பிடித்துவிட்டால் கொடியில் தொங்கும் ஷீட் நாள்கணக்கில் காயாது. உங்கள் மெத்தையும் அதே காற்றில்தான் இருக்கிறது. அதனால்தான் ஒரு வாரம் பூட்டிக்கிடந்த அறையில் முதல் நாள் ஏசி போட்டால் குளிரவே குளிராது, மூன்றாம் நாள் பரவாயில்லை என்று தோன்றும். மெஷின் மாறவில்லை, அறை உலர்ந்திருக்கிறது.

இனி அந்த வாளி விஷயம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், தேங்காப்பட்டணம் அருகே ஒரு வீட்டில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி குளிரவில்லை என்று கூப்பிட்டார்கள். ஜூன் மாதச் சாயங்காலம், மழை விட்டு வெயில் லேசாக அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வரும் காற்றில் கையை வைத்துப் பார்த்தேன், எதிர்பார்த்த குளிர்ச்சி இல்லை. கேஸ் கம்மி என்று முடிவுகட்டி ஏற்றினேன். காசும் வாங்கினேன். மறுநாளே போன் வந்தது, முன்னைவிட மோசமாக இருக்கிறது என்று.

காலையில் போனபோது, அவுட்டோர் பக்கம் டிரெயின் பைப்புக்குக் கீழே பதினைந்து லிட்டர் வாளி ஒன்று நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா அந்தத் தண்ணீரைத்தான் தினமும் முற்றம் கழுவ எடுத்துக்கொண்டிருந்தார். "நேற்றைக்கு முன்னாலயும் இப்படித்தான் நிறைஞ்சது தம்பி, ராத்திரி பத்து மணிக்கு வெச்சா விடிய வாளி நிறைஞ்சிரும்" என்றார். நான் அங்கேயே நின்று கணக்குப் பார்த்தேன். பதினைந்து லிட்டர் தண்ணீரைப் பிழிய 110 கிலோ ஐஸ். ஒரே ராத்திரியில் இரண்டு ஐஸ் பாருக்கு மேல் அந்த அறை ஈரத்துக்கே போயிருக்கிறது. அவ்வளவு தண்ணீரை எடுத்த மெஷினில் கேஸ் குறைவு என்று நான் எப்படிச் சொன்னேன்? குறைவாக இருந்திருந்தால் காயில் முழுவதும் அந்த அளவுக்குக் குளிர்ந்திருக்காது, அவ்வளவு தண்ணீரும் வந்திருக்காது. நான் ஏற்றிய அதிகப்படி கேஸால் பிரஷர் கூடி, கம்ப்ரசர் தேவைக்கு மேல் கரண்ட் இழுத்துக்கொண்டிருந்தது. கூடுதலாக ஏற்றியதை எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அந்த அறையின் வெண்டிலேட்டர்களை அடைத்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர்கள் என்னைக் குளிரவில்லை என்று கூப்பிட்டதே இல்லை.

அன்றிலிருந்து ஈரமான நாளில் கையை வைத்துப் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் உலர்ந்த நாளில் 12 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். அதே மெஷினில், கேஸ் சரியாக இருந்தாலும், புழுக்கமான நாளில் 8 அல்லது 9 டிகிரிதான் வரும். காயிலின் சக்தியில் பாதி தண்ணீருக்குப் போகிறது, மீதிதானே சூட்டை இறக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் கேஸ் ஏற்றுவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தப்பு. எல்லோரும் ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை; பலருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஏசி போட்டு அரை மணி நேரம் கழித்து, அளவு தெரிந்த வாளியை டிரெயின் பைப்புக்குக் கீழே வையுங்கள். சரியாக ஒரு மணி நேரம். உங்கள் 1 டன் ஏசியில், இந்த மாதத்து ஈரத்தில், முக்கால் லிட்டருக்கு மேல் வந்தால் காயில் நன்றாகக் குளிர்கிறது என்று அர்த்தம். ஒன்றேகால், ஒன்றரை என்று வந்தால் வீட்டுக்குள் வெளிக்காற்று தாராளமாக வருகிறது என்றும் சேர்த்துச் சொல்கிறது. கால் லிட்டர்கூட வரவில்லை, அறையிலும் புழுக்கம் போகவில்லை என்றால்தான் மெஷினைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். இன்டோர் ஓரத்தில் தண்ணீர் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். டிரெயின் பைப் அடைத்திருந்தால் வாளி பொய் சொல்லும்.

உங்கள் விஷயத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏசியைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். கேஸ் கசிவதற்கு உண்மையான வாய்ப்பு அப்போதுதான் வருகிறது. கழற்றும்போது கேஸை அவுட்டோருக்குள் முழுமையாக இழுத்துப் பூட்டாமல் விட்டிருக்கலாம். புதிதாகப் பைப் நீட்டியிருந்தால் அதற்கேற்பக் கேஸ் சேர்க்காமல் இருந்திருக்கலாம். பைப்பை இணைக்கும் பிளேர் நட் சரியாக முறுகாமல் இருக்கலாம். ஆகவே மெக்கானிக் சொன்னது பொய்யென்று நான் சொல்ல வரவில்லை, நிரூபிக்கச் சொல்லுங்கள் என்கிறேன். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைச் சோப்பு நுரை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவுட்டோரில் மெல்லிய செம்புக் குழாய் வால்வு அருகே வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், இருந்தால் அது கேஸ் குறைவின் நல்ல அடையாளம். கசிவை அடைக்காமல் டாப்-அப் மட்டும் செய்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். முதலில் கசிவை அடைக்க வேண்டும், பிறகு குழாய்க்குள் இருக்கும் காற்றை மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்து (வேக்யூம்), கம்பெனி ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் எடையைத் தராசில் வைத்து ஏற்ற வேண்டும்.

அவுட்டோர் மழையில் நனைவதால் ஏசி குளிரவில்லை என்று சிலர் சொல்வார்கள். வெளிக்காற்றில் ஈரம் கூடுவதால் அவுட்டோருக்குக் கெடுதல் எதுவுமில்லை, அதற்கு வெளிக்காற்றின் சூடு மட்டும்தான் கணக்கு. கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிப்பது வேறு பிரச்சினை. களியக்காவிளைக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை.

ரிமோட்டில் என்ன செய்வது? 18இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பரவலான நம்பிக்கை. 18 என்பது எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வதுதான், எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று சொல்வதில்லை. அறை 32இல் இருக்கும்போது 24இல் வைத்தாலும் மெஷின் ஏறக்குறைய முழு வேகத்தில்தான் ஓடும். 24 அல்லது 25 வையுங்கள். 2020 ஜனவரி முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வைத்திருப்பதும் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கத்தான்.

ஃபேன் வேகம்தான் பலர் கவனிக்காத விஷயம். வேகம் கூட்டினால் நிறையக் காற்று காயிலைத் தொட்டுவிட்டு ஓடும். டிகிரி சீக்கிரம் இறங்கும், ஆனால் ஈரம் அந்த அளவுக்குப் பிழியப்படாது. வேகம் குறைத்தால் காயில் இன்னும் குளிர்ந்து, காற்றும் நின்று நிதானமாகப் போவதால் தண்ணீர் அதிகம் வரும். அதனால் முதல் இருபது நிமிடம் கூல் மோடில் முழு வேகம். அப்புறம் வேகத்தை நடுவில் அல்லது ஆட்டோவில் விடுங்கள். டிகிரி இறங்கியும் உடம்பு பிசுபிசுவென்று இருந்தால் டிரை மோடுக்கு மாற்றுங்கள். டிரை மோடு ஈரத்தை எடுக்கத்தான், சூடான அறையை முதலிலிருந்து அதில் குளிர வைக்கப் பார்த்தால் நேரம்தான் போகும். சீலிங் ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் 26 டிகிரியே போதும் என்று தோன்றும்.

இன்வெர்ட்டர் ஏசியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சொன்ன டிகிரி வந்ததும் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கரண்ட் மிச்சம், நல்லதுதான். ஆனால் காயில் அவ்வளவு குளிராமல் போவதால் ஈரம் எடுப்பதும் குறையும். நம் ஊர் மழைக்கால ராத்திரிகளில் ரிமோட் 25 காட்டும், மெத்தை ஈரமாகத் தோன்றும். வீட்டு ஏசிகளில் பெரும்பாலானவை டிகிரியை மட்டும்தான் அளக்கின்றன, ஈரத்தை அளப்பதில்லை. அந்த நேரத்தில் டிரை மோடுதான் கை கொடுக்கும். பாறசாலைக்காரர் ஒருவர் அறைக்குள் ஒரு சின்ன ஈரமானியை மாட்டி வைத்திருக்கிறார். ஈரப்பதம் 60ஐத் தாண்டினால் டிரை, இறங்கினால் கூல் என்று மாற்றிக்கொள்கிறார். அதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

யாராவது உங்களிடம் 1 டன் போதாது, 2 டன் வாங்குங்கள் என்று சொன்னால் யோசியுங்கள். பெரிய ஏசி, முக்கியமாக இன்வெர்ட்டர் இல்லாதது, பத்து நிமிடத்தில் டிகிரியை இறக்கிவிட்டு நின்றுவிடும். தண்ணீரைப் பிழிய நேரமே கிடைக்காது. நின்றபிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால், காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி காற்றில் கலந்து அறைக்குள்ளேயே திரும்பி வரும். குளிரும், ஆனால் ஈரக்குளிர். பெட்டியில் எழுதியிருக்கும் டன்னும்கூட 27 டிகிரி, ஏறக்குறைய 47 சதவீத ஈரப்பதமுள்ள அறைக் காற்றை வைத்து அளந்தது. அப்படிப்பட்ட காற்று நம் பக்கத்தில் ஏசி ஓடி முடித்த பிறகுதான் கிடைக்கும்.

ஏசி என்றால் குளிர் என்று நாம் நினைத்துக்கொண்டாலும், அது பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் கோடைப் புழுக்கத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராமல் போனது. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினியர் செய்த ஏற்பாடுதான் இன்றைய ஏசிக்கு ஆரம்பம். வறண்ட சிவகாசியில் அச்சுத்தொழில் செழித்த காரணத்தை யோசித்தால் அந்த அச்சகத்தின் கஷ்டம் நமக்கு நன்றாகவே புரியும்.

உங்கள் வீட்டில் நான் வந்தால் முதலில் செய்வது இதுதான். ஏசியை ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வெண்டிலேட்டர், மச்சின் பலகை இடுக்கு, கதவடி, ஏசி பைப் போகும் ஓட்டை என்று ஒவ்வொரு இடமாகக் காட்டுவேன். புகை எங்கே சாய்கிறதோ அங்கே காற்று போகிறது. வெண்டிலேட்டருக்குத் தெர்மோகோலை அளவாக வெட்டி அழுத்தி வைக்கலாம், ஏசி தேவைப்படாத மாதங்களில் எடுத்துவிடலாம். பைப் ஓட்டையை வெள்ளை சிமெண்ட் அல்லது புட்டி வைத்து அடைக்கலாம். கதவடிக்கு ரப்பர் பட்டை. மச்சு இடுக்குகள் அதிகம் என்றால் கீழே பி.வி.சி. சீலிங் அடிப்பது செலவுதான், ஆனால் கேஸுக்கு வருடா வருடம் கொடுப்பதைவிட நியாயமான செலவு. ஓட்டிலிருந்து இறங்கும் சூடும் அதோடு குறையும். ஒரு துளிக் காற்றும் போகாதபடி அடைக்க வேண்டியதில்லை, உள்ளே படுப்பவர்களுக்கு மூச்சுக்காற்று வேண்டும். மணிக்கு நாலு தடவை மாறும் காற்றை ஒரு தடவையாகக் குறைத்தால் போதும்.

அப்புறம் பழக்கவழக்கம். சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்து, படுக்கப் போகும்போது மூடிவிட்டு ஏசி போடுவது வள்ளியூருக்குச் சரி. அங்கே சாயங்காலக் காற்று உலர்ந்தது. இங்கே மழை விட்ட நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் மெத்தைக்கு ஈரம் ஊட்டுகிறீர்கள். நனைந்த துவர்த்தை (துண்டை) கட்டில் கம்பியில் போடாதீர்கள். நன்றாகப் பிழிந்த ஒரு துவர்த்தில்கூடக் கால் லிட்டர் தண்ணீர் இருக்கும், அது காயும்போது ஏறக்குறைய 2 கிலோ ஐஸ் செலவு. அறையோடு சேர்ந்த குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள், குளித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். தூங்கும் ஒவ்வொருவரும் மூச்சிலும் வேர்வையிலும் மணிக்கு 50 கிராம் அளவுக்கு ஈரம் விடுகிறோம். அதைத் தடுக்க முடியாது, மற்றதையாவது தடுக்கலாம்.

இவ்வளவும் செய்தாலும் வள்ளியூர் மாதிரி கால் மணி நேரத்தில் குளிரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். 20, 25 நிமிடத்துக்கு வரும், அடைத்த இடங்களைப் பொறுத்து. அதுவும் ஜூன் முதல் வாரத்தில் இல்லை, அறை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஓடி உலர்ந்தபிறகு.

வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம், முற்றம் கழுவலாம். காயிலில் இருக்கும் தூசியும் உலோகமும் அதில் கலந்திருக்கும் என்பதால் குடிக்கவும் சமைக்கவும் கூடாது, சுத்தமாகத் தெரிகிறதே என்று இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றவும் கூடாது. ஊற்றுவதற்கு முன்னால் எத்தனை லிட்டர் என்று மட்டும் குறித்து வைத்து, மெக்கானிக் அடுத்த தடவை வரும்போது அந்த எண்ணை அவரிடம் சொல்லுங்கள்.